ஆள் மாறி வைத்த அடமானம்

ரிஜிஸ்தர் கச்சேரியில் இப்போது விரலில் மை தடவுகிறார்கள். எழுதத் தெரியாதவன் பத்திரத்தின் அடியில் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போன காலம் முடிந்து, பெருவிரலை மையில் அமுக்கிப் பதிக்கிற காலம் வந்திருக்கிறது. என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்கள் போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது இதைப் பற்றித்தான் ஒரே புலம்பல். மேஜையெல்லாம் கறையாம், வேட்டியெல்லாம் கறையாம், வருகிறவன் விரலைச் சுவரில் துடைத்துவிட்டுப் போகிறானாம். "ஒங்க காலத்துல ஒரு கீறலோட முடிஞ்சிது. நீங்க குடுத்து வெச்சவரு சார்" என்றான் ஒருவன். எனக்கு வாயில் நன்றாக வந்தது. வீடு தேடி வந்த பிள்ளைகளாயிற்றே என்று அடக்கிக்கொண்டு காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அந்த ஒரு கீறலால் ஒரு குடும்பம் தெருவில் நிற்க இருந்தது. ஒருவன் ஜெயிலுக்குப் போக இருந்தான். இவர்களுக்கு வேட்டிக் கறை பெரிதாகப் போய்விட்டது! அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கப் போகிறவர்களும் படிக்கட்டும், கெட்டுப் போகமாட்டார்கள்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வட ஆற்காட்டிலிருந்து தங்கச் சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். அப்பா ஷாப்டில், அந்த ஆழக் குழியில், இறங்கினார், எனக்கு எழுத்து வந்ததால் நான் இறங்கவில்லை. தமிழ் வீட்டில், தெலுங்கு தெருவில், கன்னடம் கச்சேரியில் கற்றேன். சம்பளமில்லாத உமேத்வாராகச் சில வருஷம் பத்திர நகல் எழுதி விரல் தேய்ந்த பிறகு குமாஸ்தா வேலை கிடைத்தது. மாரிகுப்பத்துக்கு ரயில் வருவதற்கு முன்பே நான் கச்சேரிக்கு வந்துவிட்டேன். வீட்டு அடமானத்தில் மனுஷன் என்னென்ன தப்பெல்லாம் செய்வான் என்று என்னைவிட அதிகம் பார்த்தவன் இந்தப் பக்கத்தில் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் தப்பு தனி ரகம். உதாரணத்துக்கு, சுரங்கக் கம்பெனி நிலத்தில் தட்டி கட்டி, மேலே தகரம் போட்டு, வாசலில் முருங்கை வைத்துவிட்டு, "என் வூடு" என்று ஈடு வைக்க வருவான். தட்டி உன்னுடையது, தகரம் உன்னுடையது, முருங்கைகூட உன்னுடையது. நிலம் கம்பெனியுடையதப்பா! அவர்கள் அங்கே புது ஷாப்டு தோண்ட நினைத்தால், தகரத்தைத் தூக்கிக்கொண்டு நீ நடக்க வேண்டியதுதான். சொன்னால் கோபம் வரும். "நான் கட்ன வூட்ட நான் வெக்கறதுக்கு நீ யாரு?" என்று சண்டைக்கு வருவார்கள்.

அதைவிட வேடிக்கை மண்மேடு. கல்லை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சுகிற மண்ணை மில்லுக்குப் பின்னால் மலையாகக் கொட்டுவார்கள் அல்லவா? ஒரு புண்ணியவான் தன் வீட்டுக்கு நான்கெல்லை எழுதும்போது, மேற்கே மண்மேடு என்று எழுதி அடமானம் வைத்தான். மேடு என்ன, கல்லா, கிணறா, இருந்த இடத்தில் இருப்பதற்கு? தினமும் கொட்டக் கொட்ட அது கிழக்கே வந்துகொண்டே இருந்தது. கடன் கொடுத்தவன் பத்திரத்தோடு வந்து பார்த்தபோது, மேடு அந்த வீட்டையே விழுங்கிப் பக்கத்து வீட்டையும் தாண்டி நின்றது. "எழுதினபடி பாத்தா ஒன் வூடு மண்ணுக்குள்ள கீது, நான் எத்த எடுத்துக்கறது?" என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து எங்கள் கச்சேரியில் ஒரு கட்டளை. எல்லை என்றால் கல்லாக இருக்க வேண்டும், ரோடாக இருக்க வேண்டும், அல்லது பக்கத்து வீட்டுச் சுவராக இருக்க வேண்டும்.

கட்டளை போட்டவர் ராயர். எங்கள் ரிஜிஸ்திரார். ஊரே அவரை ராயர் என்றுதான் சொல்லும். கன்னடத்துக்காரர். மூடிய கழுத்துக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, இடது கையில் பொடிமட்டை. கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், பொடியை எடுத்து மூக்குக்குக் கொண்டுபோய்ப் போடாமல் அப்படியே வைத்திருப்பார். அந்தக் கை இறங்குகிற வரைக்கும் கச்சேரியில் ஒருவரும் இருமமாட்டோம்.

அவர் பத்திரம் பதிகிற விதம் வேறு எங்கும் நான் பார்க்காதது. எழுதிக் கொடுப்பவனை நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வைப்பார். கடன் கொடுப்பவனை அறைக்கு வெளியே அனுப்பிவிடுவார். நான் பத்திரத்தைப் படித்து, கன்னடத்தில் இருப்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். முடிந்ததும் ராயர் பத்திரத்தை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"ஏனப்பா, இவத்து ராத்திரி நீ எங்கே படுப்பே?"

இவத்து என்றால் இன்றைக்கு. கேட்பவர்கள் சிரிப்பார்கள். ராயர் சிரிக்கமாட்டார். ஒருமுறை கோரமண்டல் சுரங்கத்திலிருந்து ஓர் ஆள் வீட்டைப் போக்கியத்துக்கு எழுதிக் கொடுக்க வந்தான். போக்கியம் என்றால் வட்டி கிடையாது, வட்டிக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவன் வீட்டில் குடியேறிவிடுவான். அவனிடம் ராயர் கேட்டார், எங்கே படுப்பாய் என்று. "எங்க படுப்பாங்க சாமி, என் வூட்ல தான்" என்றான். "ஹாகாதரே ஈ பத்திரம் பேடா, எத்து போப்பா" என்றார், அப்படியானால் இந்தப் பத்திரமே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவன் மனைவிக்கே அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்ததாம். மறு வாரம் சாதாரண அடமானமாக எழுதிக்கொண்டு வந்தான், பதிந்து கொடுத்தோம். பெரிய பெரிய வக்கீல்கள் நாலு பக்கத்தில் விளக்குவதை ராயர் ஒரு பாயை விரித்துக் காட்டி விளக்கிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட ராயரையே ஏமாற்றிய பத்திரம் ஒன்று உண்டு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா?

முனியன் என்பவன் சுரங்க எல்லைக்கு வெளியே, மாரிகுப்பத்துக்குப் போகிற வழியில், சொந்தமாக மனை வாங்கி மண்சுவர் எழுப்பியிருந்தான். மனைக்கு முறையான பத்திரம் இருந்தது, அந்த மட்டில் கெட்டிக்காரன். அவன் மனைவி கன்னியம்மா தன் கம்மலையும் வெள்ளிக் கொடியையும் விற்றுச் சுவருக்குக் கொடுத்திருந்தாள். சுவர் நின்றது, கூரை இல்லை. மழைக்கு முன்னால் ஓடு போட வேண்டும், கையில் காசில்லை. அவன் வேலை செய்த கேங்குக்கு நடேச மேஸ்திரி தலைவன். ஆள் சேர்ப்பதும் அவன், வேலை டிக்கெட் கொடுப்பதும் அவன், கடன் கொடுப்பதும் அவன். "வூட்ட எழுதிக் குடு, ஓட்டுக்கு நான் தரேன்" என்றான் மேஸ்திரி.

தாவீதைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். முனியனுடைய கூட்டாளி. கல்யாணமாகாதவன். அந்தக் கூரையில்லாத வீட்டில்தான் அவனும் தங்கினான், கன்னியம்மா கையால்தான் சாப்பிட்டான். முனியன் பகல் ஷிப்டு போனால் தாவீது ராத்திரி ஷிப்டு, ஷிப்டு மாறினால் இவன் ராத்திரி, அவன் பகல். ஒரே கயிற்றுக் கட்டில். ஒருவன் எழுந்த சூடு ஆறுவதற்குள் மற்றவன் படுத்துவிடுவான். சுரங்கத்து ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள், நாங்கள் யாரும் அதை ஒரு விசேஷமாக நினைத்ததில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. டிக்கெட்டை வெட்டிவிடுவார்கள். அதனால் கூட்டாளி அவன் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, அவன் பேரைக் கூப்பிடும்போது "ஆங்" என்று சொல்லிவிட்டுக் கேஜ் என்கிற கூண்டில் ஏறிக் குழிக்குள் இறங்கிவிடுவான். 'பேர் மாத்தி எறங்கறது' என்பார்கள். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. நட்பு என்றுதான் நினைத்தார்கள். பேர் மாற்றி இறங்குகிறவனுக்கு ஒரே விதி, கேட்டதற்கெல்லாம் "ஆங்" சொல்ல வேண்டும், எதிர்க் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் மாட்டிக்கொள்வான்.

பத்திரம் பதிகிற நாளன்று முனியனுக்குப் பகல் ஷிப்டு. லீவு கேட்டால் மேஸ்திரி முகத்தைச் சுளித்தான். "தாவீத அனுப்பேன், யார் பாக்கப் போறாங்க" என்று அவனே வழியும் சொல்லிக் கொடுத்தான். கேட்டீர்களா கதையை! முனியன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. தாவீதும் யோசிக்கவில்லை. ராத்திரி ஷிப்டு முடித்து, கண் சிவக்க, மேஸ்திரியோடு ரயிலேறிக் கச்சேரிக்கு வந்தான். "இவன் தான் முனியன், எனக்கு நல்லாத் தெரியும்" என்று அடையாளம் காட்டினவன் மேஸ்திரியின் கையாள்.

நான் படித்தேன். தவணைக் கிரயம் அது. சொன்ன தேதிக்குள் பணம் கட்டினால் வீடு திரும்பும், தேதி தவறினால் அடமானம் கிரயமாகிவிடும், வீடு மேஸ்திரியுடையது. இதை நான் தமிழில்தான் சொன்னேன், தண்ணீராகச் சொன்னேன். தாவீது "ஆங்" என்றான். ராயர் தன் கேள்வியோடு அன்று இன்னும் இரண்டு கேட்டார். எங்கே படுப்பாய், வாசல் எந்தப் பக்கம், படுத்தால் தலைக்கு மேலே என்ன தெரியும்?

"ஓடு ஏது சாமி, வானந்தான் தெரியுது. அத்த மூடத்தானே கடனு" என்றான் தாவீது.

ராயர் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த வீட்டில் தினம் படுக்கிறவன் சொல்கிற பதில் அது. அவன் அந்த வீட்டில் தினம் படுக்கிறவன்தான், வீட்டுக்காரன் இல்லை, அவ்வளவுதான்! கீறல் போட்டான், போய்விட்டான்.

ஓடு போட்டார்கள். பொங்கலுக்குள் தவணை. முனியன் பணத்தைச் சேர்த்துக்கொண்டு முன்னதாகவே மேஸ்திரியிடம் போயிருக்கிறான். "இருக்கட்டும்டா, பண்டிக செலவுக்கு வெச்சிக்க, எங்க ஓடிப் போவுது" என்று தட்டிக் கொடுத்து அனுப்பினான் மேஸ்திரி. கடன் கொடுத்தவன் பணத்தை வேண்டாம் என்று சொன்னால் சந்தேகம் வர வேண்டாமா? நாலு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு அவன் முன்னால் பணத்தை வைத்திருக்க வேண்டாமா? முனியன் மனம் குளிர்ந்து திரும்பி வந்தான். பண்டிகை முடிந்து போனபோது, "தவண போச்சு, வூட்டக் காலி பண்ணு" என்று பதில் வந்தது.

முனியனும் கன்னியம்மாவும் கச்சேரிக்கு ஓடி வந்தார்கள். அன்று மேஸ்திரியும் வேறு ஒரு பத்திரத்துக்காக உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"நான் அடமானம் தான் வெச்சேன் ஐயா. கிரயம்னு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா நான் வெப்பனா?" என்று முனியன் என்னிடம் கத்தினான்.

தினம் எத்தனையோ முகம் பார்க்கிற எனக்குப் பேர்தான் நினைவு, முகம் நினைவில்லை; கோபம் வந்துவிட்டது. "யாரும் சொல்லவில்லையா? நான்தானே படித்துச் சொன்னேன்! நீயே இங்கே நின்று கேட்டு, ராயருக்குப் பதில் சொல்லி, கீறல் போட்டாய்."

"நானா? நான் எங்க வந்தேன்? எனக்குப் பகல் ஷிப்டு. தாவீது தானே என் பேர்ல வந்து போட்டான்!"

அந்தப் பாவி அதை ஒளிக்கவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. காய்ச்சலுக்கு ஆள் மாற்றி அனுப்பியதைச் சொல்வதுபோலக் கச்சேரி முழுக்கக் கேட்கும்படி சொன்னான். ராயரின் கை பொடியோடு மூக்குக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

நான் முனியனை மூலைக்கு இழுத்துப் போனேன். "அடப்பாவி, என்ன சொல்கிறாய் என்று தெரியுமா? ரிஜிஸ்திரார் முன்னால் இன்னொருவன் பேரில் நின்றால் ஜெயில். வருஷக் கணக்கில் ஜெயில்" என்றேன். அவன் முகம் செத்துவிட்டது. அதுவரை வீட்டுக்காகக் குதித்துக்கொண்டிருந்தவன், நேராக ராயர் முன்னால் போய் நின்று கையைக் கட்டிக்கொண்டான்.

"தப்பா சொல்லிட்டேன் சாமி. நான் தான் வந்தேன். நான் தான் கீறல் போட்டேன். வூடு போற ஆத்திரத்துல வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

மேஸ்திரி பெஞ்சிலிருந்து சிரித்தான். "பாத்தீங்களா சாமி? இவன் பேச்ச கேட்டுக்கினு..."

கன்னியம்மாவுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! "யோவ், இன்னாய்யா பேசற நீ? அன்னிக்கு நீ குழிக்குள்ள தான இருந்தே? நான் தான கஞ்சி குடுத்தனுப்பிச்சேன்? காதுல இருந்தத வித்துக் கட்ன செவுருய்யா அது. வூடு போனா போவுதுன்றியே, புள்ளைங்கள எங்க படுக்க வெப்ப?"

"வாய மூடு" என்றான் முனியன். "வூடு போனா வேற கட்டலாம். அவன் உள்ள போனா யாரு பதில் சொல்றது?"

அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

ராயர் பொடியை மட்டையில் திரும்பக் கொட்டினார். பத்திரத்தை ரத்து செய்யத் தனக்கு அதிகாரமில்லை என்றும், ஆள் மாறாட்டம் நடந்ததாக மேலே எழுதத்தான் முடியும் என்றும் சொன்னார். அதற்கும் அந்த ஆளே வந்து வாயால் சொல்ல வேண்டும். கீறலைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது? முனியன் கீறலும் கீறல்தான், தாவீது கீறலும் கீறல்தான், ராயரே போட்டாலும் அதே கீறல்தான். தாவீது வந்து சொன்னால் வீட்டுக்கு ஒரு வழி உண்டு. சொல்லாவிட்டால் தாவீதுக்கு ஒன்றும் ஆகாது, வீடு மேஸ்திரிக்கு. விஷயம் இவ்வளவுதான்.

"ஒருத்தரும் தாவீதுகிட்ட மூச்சு விடக் கூடாது" என்று முனியன் வழியெல்லாம் மனைவியிடம் சத்தியம் வாங்கினானாம். அவள் தலையை ஆட்டினாளாம். அன்று சாயங்காலம் தாவீது ஷிப்டுக்குப் போகுமுன் சாப்பிட உட்கார்ந்தான். முனியன் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தான். அதற்குப் பிறகு நடந்ததைக் கன்னியம்மாவே பின்னால் என்னிடம் சொன்னாள்.

"சாப்ட்டு முடிக்கட்டும்னு இருந்தேன் ஐயா. கை கழுவினதும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். எத்தினி வருசம் போடுவாங்க அண்ணின்னு கேட்டுச்சு. தெரிலன்னேன். அவ்ளோ தான், லைட்ட எடுத்துக்கினு வேலைக்குப் போயிடுச்சு. எந்த வாயால சொன்னேனோ, அந்த வாயால அன்னிக்கி நான் ஒரு வாய் சோறு தின்னல."

மறுநாள் காலை ஷிப்டு மாறுகிற நேரத்தில் ஷாப்டு வாசலில் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். "வரேன் மச்சான்" என்று தாவீது சொல்லியிருக்கிறான். தூங்கத்தான் போகிறான் என்று நினைத்து முனியன் கேஜில் ஏறிவிட்டான். தாவீது வீட்டுக்குப் போய் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு நேராக ரயிலைப் பிடித்தான்.

நான் கச்சேரி ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தபோது வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. மேஸ்திரிக்கு மூக்கில் வியர்த்திருக்க வேண்டும், அவனும் வந்துவிட்டான்.

"டேய் தாவீது, ஒரே ஒரு வார்த்த. முனியன் தான் வந்தான்னு சொல்லிட்டுப் போயிட்டே இரு. கேங்குல ஒன்ன எனக்கு அடுத்த ஆளா வெக்கறேன். இன்னாத்துக்குடா வம்பு?"

"இருக்கட்டும் மேஸ்திரி" என்றான் தாவீது. "கம்பிளி எடுத்தாந்துட்டேன்."

உண்மையாகவே எடுத்து வந்திருந்தான். கம்பளி, ஒரு தட்டு, மாற்று வேட்டி. ஜெயிலுக்கு என்னென்ன வேண்டும் என்று யாரிடம் கேட்டானோ தெரியவில்லை. மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு ராயர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னான். மேஸ்திரி சொல்லிக் கொடுத்து வந்ததை, கையாள் அடையாளம் காட்டியதை, நான் படித்ததை. "குமாஸ்தா ஐயா நல்லாத் தான் சொன்னாரு. கிரயம்னு காதுல உளுந்துச்சு. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கினது, நாம எதுக்குக் கேக்கறதுன்னு ஆங்குன்னேன். என் வூடா இருந்தா கேட்டிருப்பேன் சாமி."

எத்தனையோ வருஷமாக அடமானப் பத்திரம் படித்தவன் நான். அந்தக் கடைசி வாக்கியத்தைவிடப் பெரிய புத்திமதி எந்தப் பத்திரத்திலும் படித்ததில்லை. வீட்டை வைக்கிறவன்தான் வாய் திறந்து கேட்பான். அவன் பேரில் வந்தவன் தலையாட்டுவான்.

மேஸ்திரி விடவில்லை. "சாமி, நேத்து முனியன் நான் தான் வந்தேன்னான். இன்னிக்கு இவன் நான் தான் வந்தேன்றான். எத்த நம்புவீங்க?"

ராயர் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடியே பேசுகிறவர் எழுந்து நின்றதால் நாங்களும் எழுந்தோம்.

"கேளப்பா. ஒருத்தன் சொல்றது நிஜமானா அவனுக்கு வீடு போகும். இன்னொருத்தன் சொல்றது நிஜமானா அவனுக்கு ஜெயில். நீ சொல்றது நிஜமானா உனக்கு வீடு வரும். இதிலே சுள்ளு யாருது, பொய் யாருதுன்னு கேக்கறதுக்கு நான் லா படிக்கணுமா?"

மேஸ்திரி முகத்தை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. கச்சேரி ஆயிற்றே என்று பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ராயர் தாவீதையும் விடவில்லை. கேட்டதைக் கேட்கவில்லை என்று எழுத அவருக்குக் கை வராது. மேஸ்திரி, கையாள், தாவீது என்று மூன்று பேர் பேரையும் எழுதினார். தாவீது தானாக வந்து சொன்னான் என்பதை மட்டும் இரண்டு இடத்தில் எழுதச் சொன்னார். நகல் எழுதியவன் நான், இரண்டு இடத்திலும் அழுத்தியே எழுதினேன். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, போலீஸ் வந்து, கேஸ் மேஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போயிற்று. அதுவரைக்கும் தாவீது ஜாமீனில் இருந்தான். மேஸ்திரி கேங்கில் அவனுக்கு வேலை போயிற்று. வேறு ஒரு கேங்கில் முனியன் கெஞ்சிக் கூத்தாடி இடம் பிடித்துக் கொடுத்தான். தாவீது அந்த வீட்டில்தான் தங்கினான். கன்னியம்மா அவனுக்குச் சோறு போட்டாள், ஆனால் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று அவன் நினைத்துக்கொண்டானாம். மடையன்!

கச்சேரிப் பதிவுகளோடு சாட்சி சொல்ல நானும் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். முனியன் அன்று வேலைக்குப் போகவில்லை, டிக்கெட் போனாலும் போகட்டும் என்று வந்து நின்றான். தாவீது அதே மூட்டையோடு வந்தான். கன்னியம்மா பின்னாலேயே ஒரு தூக்குச் சட்டியோடு வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள்.

மேஜிஸ்திரேட் தாவீதை அரசாங்கத் தரப்புச் சாட்சியாக ஏற்றுக்கொண்டு, உண்மையை முழுக்கச் சொன்னால் மன்னிப்பு என்று விட்டார். அவன் சொன்னான். மேஸ்திரிக்கும் கையாளுக்கும் தண்டனை. பத்திரம் செல்லாது. வாங்கின கடன் கடன்தான், அதைக் கோர்ட்டில் கட்டிவிட்டு வீட்டை வைத்துக்கொள் என்று முனியனுக்கு வழி பிறந்தது. முனியன் வாய்விட்டு அழுதான். நான் வயதையும் உத்தியோகத்தையும் மறந்து அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன்.

தாவீதுக்குத் தன்னை விட்டுவிட்டார்கள் என்பதே புரியவில்லை. மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி கோர்ட்டு வாசலில் நின்று, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சேவகனைக் கேட்டுக்கொண்டிருந்தான். கன்னியம்மா எழுந்து போனாள். அவன் கையிலிருந்த மூட்டையைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "உக்காரு" என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் அவனோடு பேசிய முதல் வார்த்தை அது. மரத்தடியில் உட்கார வைத்துத் தூக்குச் சட்டியைத் திறந்தாள். களியும், கருவாட்டுக் குழம்பும்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏம்மா, இவன் வெளியே வருவான் என்று உனக்கு முன்னாலேயே தெரியுமா? சோறெல்லாம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாயே?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா ஐயா தெரியும்?" என்றாள் அவள், களியைப் பிட்டுத் தட்டில் வைத்தபடி. "உள்ள போட்டாலும் சாப்புடணும், வெளிய உட்டாலும் சாப்புடணும் இல்ல?"

தாவீது ஒரு வாய் எடுத்தான். விழுங்க முடியாமல் அழுதான். "சாப்புட்றா" என்று அவள் அதட்டினாள், அவளும் அழுதுகொண்டு.